வான்மதி எழுதிய பூஜ்யம்

"பூஜ்யமா?"

"பூஜ்யம்தான்."

"காலு, அரைகூட இல்லையா மதிம்மா? அந்த ஆளு உள்ள வரும்போது கதவு நிலையை முதுகுல கட்டிக்கிட்டு வர்ற மாதிரில்ல வந்தாரு?"

"விறைப்பா நடக்கிறது என்ன பெரிய வித்தையா அண்ணா? நான்கூட நடப்பேன்."

"நடப்பேனா? தினமும் அப்படித்தான நடக்கிறீங்க. பின்னாலருந்து யாராவது கூப்பிட்டா தேர் திரும்பற மாதிரி மொத்தமாத் திரும்புவீங்க. சக்கரத்துக்குக் கட்டை போட நாலு ஆள் இல்லாததுதான் குறை."

வான்மதி சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கருவியைக் கவனித்துக்கொள்ளும் ஜெபராஜ் அதன் கம்பியைச் சுருட்டிப் பெட்டிக்குள் அடக்கினார். நீதிமன்ற வளாகத்தின் இரண்டாவது மாடியில் கடைசி அறை அது. வாசலில் 'வலி அளவீட்டுப் பிரிவு' என்ற பலகை, ஓர் ஆணி கழன்று, தலையைச் சாய்த்துக்கொண்டு தொங்கியது.

விபத்து வழக்குகளில் வலியை அளந்துதான் இழப்பீடு சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் அடிபட்டவரின் டாக்டர் ஒரு சதவீதம் எழுதுவார், எதிர்த்தரப்பு டாக்டர் இன்னொரு சதவீதம் எழுதுவார், நீதிபதி இரண்டுக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடு போடுவார். இப்போது இரண்டு பட்டைகள் வந்துவிட்டன. ஒன்று அடிபட்டவர் கழுத்தில், அதன் ஜோடி அளவர் கழுத்தில். ஏழு நிமிடத்துக்கு அவர் உடம்பில் நடப்பதெல்லாம் அளவர் உடம்பிலும் நடக்கும். பிறகு அளவர் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை எழுதி, கூண்டில் ஏறி, சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எண்ணை இயந்திரமே சொல்லிவிட முடியாதா என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. முடியும். ஆனால் இயந்திரம் சத்தியம் செய்யாது.

வான்மதி ஆறு வருடமாக அளவர். முந்நூற்றுச் சொச்சம் வழக்குகள். எண்ணைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள் என்று பெயர். இன்சூரன்ஸ் பக்கத்து வக்கீல் யுகேந்திரன், "எங்க கேஸா? மதி மேடம்கிட்டப் போடுங்க, தராசு மாதிரி ஆளு" என்று குமாஸ்தாவிடம் சொல்வதை அவளே ஒரு முறை படிக்கட்டில் கேட்டிருக்கிறாள். அன்று வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சொல் அவளோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்து வந்தது.

இன்றைய ஆள் சென்னியப்பன். வயது முப்பத்தெட்டு. சொந்தமாகச் சின்ன சரக்கு வண்டி வைத்து, தறிக்கூடங்களிலிருந்து துண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். பதினான்கு மாதத்துக்கு முன்பு பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. பட்டையை மாட்டிய உடனே அவர் உடம்பு அவளுக்குள் வந்தது. இடது கணுக்காலில் கொசு கடித்த அரிப்பு. புதிதாக ஓட்டை போட்ட பெல்ட்டின் இறுக்கம். காலையில் சாப்பிடாத வயிற்றின் எரிச்சல். இணைப்பில் ஒரு குறையும் இல்லை. கழுத்தைத் தேடிப் போனாள். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்க, ஓர் அறை மட்டும் காலியாக இருப்பதுபோல, அங்கே ஒன்றும் இல்லை. அவளுடைய கழுத்து எப்போதும்போலவே இருந்தது.

"பூஜ்யம்னா பொய்க் கோரிக்கை ஆயிரும்," என்றார் ஜெபராஜ். "கேஸ் தள்ளுபடியோட நிக்காது. அந்த ஆளு மேலயே திரும்பும். ஆறு மாசம் உள்ள போகணும். யோசிச்சீங்களா?"

"இல்லாததை எப்படி அண்ணா இருக்குன்னு எழுதறது?"

"அதுவும் சரிதான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். ஜெபராஜ் காகிதத்தை உறையிலிட்டு முத்திரை வைத்தார். மறுநாள் காலை நீதிபதி முன்னால்தான் அதைப் பிரிப்பார்கள். அதுவரை எண் யாருக்கும் தெரியக்கூடாது.

அவர்கள் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சென்னியப்பனும் அவர் மனைவி ரஞ்சிதமும் இன்னும் நடைபாதைப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சிதம் எழுந்தாள்.

"ஏனுங்க, அளந்தாச்சுங்களா?"

"ஆச்சும்மா. எண்ணு நாளைக்குத்தான். இப்பக் கேக்கக்கூடாது," என்றார் ஜெபராஜ்.

"கேக்கலீங்க. ஒரு சந்தேகம். இந்தம்மாவுக்கே தலைவலி, முதுகு வலின்னு ஏதாச்சும் இருந்தா, அதையும் இவுரு கணக்குல சேத்துற மாட்டீங்களா?"

ஜெபராஜுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். யார் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருப்பார். "மளிகைக் கடையில சாமான் நிறுக்கும்போது என்ன பண்றாங்க? மொதல்ல வெறுந்தட்டை வச்சு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வருவாங்க. அப்புறம்தான் பருப்பைக் கொட்டுவாங்க. இங்கயும் அதேதான். பட்டை போட்டதும் மொத ரெண்டு நிமிசம் இவங்க சும்மா உக்காந்திருப்பாங்க. அப்ப இவங்க உடம்புல என்ன இருக்கோ அதையெல்லாம் மெஷின் கழிச்சிரும். கழிச்சது போக மிச்சம் வர்றதுதான் உங்க வீட்டுக்காரர் வலி. அளவர் உடம்புங்கிறது வெறும் தட்டும்மா."

"அப்ப சரிங்க," என்றாள் ரஞ்சிதம். கேட்டது மெஷினைப் பற்றியானாலும், அவள் பார்த்தது வான்மதியின் முகத்தைத்தான். அதில் எண் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல.

"பதினெட்டு கிலோமீட்டர் வேகமுங்க," என்றார் சென்னியப்பன், யாரும் கேட்காமலே. "சுங்கச்சாவடி வரிசையில நின்னுட்டு இருந்தேன். பின்னால அந்த ஆளில்லாமத் தானா ஓடற லாரி. அதுல வேகம் பதியற பெட்டியே சொல்லுது பதினெட்டுன்னு. சைக்கிள் வேகம். என்ற வண்டியில பின்பக்க லைட்டு ஒண்ணுதான் ஒடஞ்சுது. அன்னிக்கு நானேதான் ஓட்டிட்டு வீட்டுக்குப் போனேன். மக்யா நாளு காலைல எந்திரிக்க முடியல. எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைங்கிறாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கிறாங்க. ஊருக்குள்ள என்ன பேரு தெரியுங்களா எனக்கு? லைட்டு. 'லைட்டு ஒடஞ்சதுக்குக் கழுத்தைக் கேக்கறான்'னு."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் ரஞ்சிதம். "கொஞ்சம் தண்ணி குடிங்க."

கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வாங்கி, திறந்து, உதட்டருகே கொண்டுபோய், வான்மதியையும் ஜெபராஜையும் பார்த்துக் கூச்சப்பட்டு இறக்கிவிட்டார்.

"ஒரு டம்ளர் கிடைக்குங்களா? எச்சில் பண்ணிக் குடிக்கிறது ஒரு மாதிரி இருக்குது. போன வருசம் வரைக்கும் அண்ணாந்துதான் குடிப்பேன். இப்பத் தலை அந்தப் பக்கம் போறதில்ல. போனா, இந்த எடத்துல ஒரு கம்பியைச் சூடு பண்ணி விட்டாப்பல."

வலது காதுக்குக் கீழே, தோள் தொடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

வான்மதி தன் பையிலிருந்து டம்ளரை எடுத்து நீட்டினாள். ஆறு வருடமாக அவள் பையில் அந்த எவர்சில்வர் டம்ளர் உண்டு. ஆபீஸில் எல்லோரும் பொதுச் சொம்பில் அண்ணாந்து குடிக்கும்போது அவள் மட்டும் டம்ளரில் ஊற்றி வாய்வைத்துக் குடிப்பாள். 'பெரிய ஜமீன்தாரிணி' என்பார் ஜெபராஜ். சுத்தத்துக்காக என்பாள் அவள். அப்படித்தான் அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழேயிருந்து யாரோ, "சென்னியப்பா, வண்டி வந்துருச்சு!" என்று கூப்பிட்டார்கள். சென்னியப்பன் திரும்பினார். தலை திரும்பவில்லை. தோள், இடுப்பு, பாதம் எல்லாம் சேர்ந்து, சின்னச் சின்ன அடியாக, மொத்தமாகத் திரும்பினார்.

ஜெபராஜ் அதைப் பார்க்கவில்லை. அவர் அறைச் சாவியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில், சமையலறை மேடைக்கு முன்னால் நின்று, வான்மதி சொம்பில் தண்ணீர் மொண்டாள். கையை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்தாள். தலை பாதி தூரம் போய் நின்றது. வலிக்கவில்லை. சும்மா நின்றது, பழகிய மாடு தன் வீட்டு வாசலில் தானாக நிற்பதுபோல. கை தானாக இறங்கியது. எத்தனை வருடமாக இப்படி இறங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடி உயர்த்தினாள். இந்த முறை நின்ற இடத்தில் நிற்க விடவில்லை. இடது கையால் நெற்றியைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

சொம்பு தரையில் விழுந்து உருண்டது. வலது காதுக்குக் கீழே, தோள் தொடங்கும் இடத்தில், ஒரு கம்பியைச் சூடு பண்ணி விட்டாற்போல.

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். இது புதிய வலி இல்லை. மிகப் பழைய சொந்தக்காரர் ஒருவரை ரயிலில் எதிர் இருக்கையில் பார்த்ததுபோல இருந்தது. பதினேழு வயதிலிருந்து எட்டு வருடம் அவள் விசைத்தறிக் கூடத்தில் நின்றிருக்கிறாள். இழை அறுந்தால் கழுத்தை வலது பக்கம் சாய்த்து, தறிக்குள் எட்டிப் பார்த்துப் பிணைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் கழுத்து அப்படித்தான். அதற்கு 'தறிப்பிடிப்பு' என்று ஒரு பேர் இருந்தது. வலி என்று யாரும் சொன்னதில்லை. வெயில் என்பதுபோல, மழை என்பதுபோல அதைச் சொல்வார்கள். வருடா வருடம் அளவர்களுக்கு நடக்கும் பரிசோதனையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே கேட்பார், "எங்கயாவது வலி இருக்கா?" அவளும் சொல்வாள், "இல்லீங்க." அது பொய் இல்லை.

வெறும் தட்டு என்கிறார் ஜெபராஜ். தட்டிலேயே ஒரு கல் கிடந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஆறு வருடமாக முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து எடை போட்டிருக்கிறாள். கை உடைந்தவர், கால் போனவர் கணக்கில் பிழை இருக்காது. கழுத்துக்காரர்கள்? அவள் கல்லுக்குச் சமமான வலி பூஜ்யம். அதைவிடப் பெரிய வலிக்கு, மிஞ்சிய துண்டு மட்டும்.

பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பஸ் கண்டக்டர் ஒருத்தி, ஒன்று. கொத்தனார் ஒருவர், ஒன்றரை. மாரப்பன் என்ற சுமைதூக்கும் ஆள், இரண்டு. தீர்ப்பு வந்த அன்று மாரப்பன் அவளைத் தேடி மாடிக்கு வந்து கும்பிட்டார். "ரெண்டுதானுங்களா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டனுங்க. ரெண்டுக்குப் போயி வீட்டுல படுத்துக் கெடந்தனே" என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரமே மறுபடி மூட்டை தூக்கப் போய்விட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை. ஊரில் அந்த எண்கள் அப்படித்தான் ஓடின. "நாலு வலிக்காரன் நானே பேசாம இருக்கேன், ரெண்டு வலிக்கு இந்த ஆர்ப்பாட்டமா?" என்று புருசன் பெண்டாட்டி சண்டையிலேயே வரும். தன் வலி எவ்வளவு என்று அவரவர் உடம்பைக் கேட்பதை விட்டுவிட்டு, எல்லாரும் அவளைக் கேட்டார்கள்.

காலையில் ஜெபராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மதிம்மா, தட்டே சரியில்லைன்னு சொன்னா, நிறுத்தது அத்தனையும் திரும்ப வரும்."

"தெரியும்ணா."

"வேலை போயிரும்."

"தெரியும்."

"தறிப்பிடிப்பு ஊருல யாருக்குத்தான் இல்ல? அதையெல்லாம் போய் வலின்னு..."

"நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சேன். நெத்தியைப் பிடிச்சுத் தள்ளிப் பாத்தேன்ணா. அந்தாளு சொன்ன அதே கம்பி."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஒண்ணு பண்ணுவோம். நானும் அளவர் லைசென்ஸ் வச்சிருக்கேன். பட்டையை நான் போட்டுக்கறேன். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. நான் பாத்துச் சொல்றேன்."

"உங்க முட்டி?"

"முட்டிக்கு என்ன?"

"மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடிக்கிறீங்களே."

ஜெபராஜ் தன் முட்டியை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "கோர்ட்டுக்கு இதையும் எடுத்துட்டு வர்றேன்," என்று மட்டும் சொன்னார். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கப் பார்த்து, மூன்றாவது படியில் பிடித்துக்கொண்டார்.

நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க் உறையைப் பிரித்துக் கொடுத்தார். நீதிபதி அம்மா எண்ணைப் படித்தார். ரஞ்சிதம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் அசையவில்லை. அவரால் தலையைக் குனியக்கூட முடியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணவக்காரன் போலத்தான் தெரிந்தார்.

யுகேந்திரன் எழுந்தார். முப்பது வயதிருக்கும், தினமும் காலையில் ஷட்டில் ஆடி, பந்துபோலத் துள்ளுகிற உடம்பு. "மேடம், இது நீங்க எழுதின எண்ணுதானே?"

"ஆமாங்க."

"ஏழு நிமிசமும் பட்டை சரியா வேலை செஞ்சுதா?"

"செஞ்சுதுங்க. அவருக்குக் கொசு கடிச்சதுகூட எனக்குத் தெரிஞ்சுது."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. யுகேந்திரனும் சிரித்தார். "கொசுக்கடி தெரிஞ்சுது. கழுத்து வலி தெரியல. அவ்வளவுதாங்க அம்மா. எனக்கு வேற கேள்வி இல்ல."

"நான் ஒண்ணு சொல்லணுங்க அம்மா," என்றாள் வான்மதி.

நீதிபதி நிமிர்ந்தார். "சொல்லுங்க."

அவள் சொன்னாள். டம்ளரிலிருந்து ஆரம்பித்தாள். அது சரியான இடமா என்று தெரியவில்லை, ஆனால் ஆரம்பித்தபிறகு நிறுத்தவில்லை. சொம்பு, தறி, நெற்றியைத் தள்ளிய கை. "நான் எழுதினது பொய் இல்லீங்க. என் உடம்பு பூஜ்யம்னுதான் சொல்லுச்சு. ஆனா அவருக்கு வலி இல்லைன்னு அது சொல்லல. அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லைன்னுதான் சொல்லியிருக்கு. எனக்கு அதைப் பிரிச்சுக் கேக்கத் தெரியல."

"ஆட்சேபம்," என்றார் யுகேந்திரன். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். நம்பிய கடையில் எடைக்கல் குறைந்தால் வரும் வருத்தம். "மேடம், ஆறு வருசத்துல ஒரு தடவைகூட உங்களுக்கு வலிச்சதா நீங்க சொன்னதில்ல. இன்னிக்குக் கூண்டில ஏறினதும் வலிக்குதா? இதை யாரு நம்புவாங்க?"

சென்னியப்பனைப் பார்த்து ஊர் கேட்டது இதே கேள்விதான். வான்மதி தன்னை அறியாமல் அவர் பக்கம் திரும்பினாள். தோள், இடுப்பு, பாதம், எல்லாம் சேர்ந்து. அவர் அதைக் கவனித்தார். பதினான்கு மாதமாகத் தன் நிழலில் மட்டும் பார்த்துவந்த அசைவை இன்னொரு உடம்பில் பார்த்தவர்போல, அவர் முகத்தில் ஏதோ இளகியது.

"நம்ப வேண்டாங்க," என்றாள். "அளந்து பாத்துரலாம். என்னை."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. அளவர்மேல சந்தேகம் வந்தா, என் முன்னால வேற யாராவது பட்டையைப் போட்டுப் பாத்துச் சத்தியமாச் சொல்லலாம். ஆனா அவர் நோவு இல்லாத உடம்புக்காரரா இருக்கணும்." மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "எனக்கே ரெண்டு வருசமா இடுப்புல..." என்று ஆரம்பித்து, தன் பதவி நினைவுக்கு வந்ததுபோல நிறுத்திக்கொண்டார்.

மண்டபத்தில் எல்லாரும் ஒரு கணம் தங்கள் உடம்பைத் தாங்களே விசாரித்துக்கொண்டார்கள். பெஞ்ச் கிளார்க் மணிக்கட்டை நீவினார். சென்னியப்பனின் வக்கீல் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். பின் வரிசையில் யாரோ சொடக்கு எடுத்தார்கள். ஜெபராஜ் சுவரோரம், ஒற்றைக்காலில் பாரம் போட்டு நின்றார்.

ஒருவர் மட்டும் நேராக, லேசாக, எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தார்.

வான்மதி ஜெபராஜைப் பார்த்தாள். அவர் நொண்டிக்கொண்டே வந்து பெட்டியைத் திறந்து கூண்டின் விளிம்பில் வைத்தார். அவள் ஒரு பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதன் ஜோடியை எடுத்து, கம்பி எட்டும் தூரம்வரை நீட்டினாள்.

"யுகேந்திரன் சார், நீங்க இன்னிக்குக் காலைலயும் ஷட்டில் ஆடிட்டுத்தான வந்திருப்பீங்க? உங்களுக்கு எங்கயும் ஒண்ணும் இல்லைல்ல? ஏழு நிமிசம் எல்லாம் வேண்டாம் சார். தட்டு பூஜ்யத்துக்கு வர ரெண்டு நிமிசம், அப்புறம் ஒரே ஒரு நிமிசம். இதைக் கொஞ்சம் போட்டுப் பாக்கறீங்களா?"